கனரக இரட்டைக் குழல் ரைஃபிளைக் காட்டில் பத்திரமாகத் தூக்கிச் செல்வது எப்படி

ஆப்பிரிக்காவில் யானை, காட்டெருமை வேட்டைக்குப் போகிறவர் ஒரு நாளில் சுடுவது ஒன்றிரண்டு தடவை. பல நாள் அதுவும் கிடையாது. துப்பாக்கியோ விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கையிலேயே இருக்கும். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெரிய தோட்டாவைச் சுடும் இரட்டைக் குழல் ரைஃபிள் ஏறத்தாழ 5 கிலோ. அதைவிடப் பருத்த .577 தோட்டா என்றால் 6 கிலோவை ஒட்டி வரும். இந்த எடையைச் சுமந்து மணிக்கணக்கில் தடம் பின்தொடரும்போது கை சோர்ந்து குழல் எங்கோ திரும்புகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே குறி பார்ப்பதற்கு முன் தூக்கும் விதத்தைப் பழகுங்கள்.

ஜிம்பாப்வேயின் ஜாம்பெசி பள்ளத்தாக்கிலோ ஜாம்பியாவின் லுவாங்வாவிலோ ஒற்றை வரிசையில்தான் நடப்பார்கள். வழக்கமாகத் தடம் பார்ப்பவர் முன்னால் போவார். அடுத்து பி.எச். எனப்படும் தொழில்முறை வேட்டைக்காரர், அவருக்குப் பின்னால் வாடிக்கையாளர். உங்களுக்கு முன்னால் குறைந்தது இரண்டு முதுகுகள் இருக்கின்றன என்பதை ஒவ்வொரு அடியிலும் நினைவில் வையுங்கள்.

படங்களில் அதிகம் காண்பது தோள்மேல் சாய்த்த பிடி: குழல் முன்பக்கம், கட்டை முதுகுப்பக்கம், கை குழலின் மேல். துப்பாக்கியின் நடுப்பகுதி தோளில் உட்காருவதால் உடம்புக்கு இது சுகம். ஆனால் குழல்முனை முன்னால் போகிறவரின் முதுகு மட்டத்துக்கு வந்து நிற்கும். குழலை அழுத்தித் தரையைப் பார்க்க வைத்தாலும், கை தளரும்போது முனை தானாக மேலேறிவிடும். தோட்டா போட்ட துப்பாக்கியை இப்படித் தூக்கலாம் என்று நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். தோட்டா உட்காரும் அறைகள் இரண்டும் காலியாக இருக்க வேண்டும், அல்லது வரிசையில் நீங்கள்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும்.

சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு, போட்டிருக்கிறதே என்று வாதிடக் கூடாது. பெரும்பாலான இரட்டைக் குழல் ரைஃபிள்களில் கட்டைக் கழுத்தின் மேலிருக்கும் சேஃப்டி, விசைகளை மட்டும்தான் பூட்டுகிறது; தோட்டாவை வெடிக்க வைக்க உள்ளே இழுத்து நிற்கும் சுத்தியலைப் பூட்டுவதில்லை. துப்பாக்கி பாறைமேல் விழுந்தால் அந்த அதிர்ச்சியில் சுத்தியல் நழுவலாம். சில தயாரிப்புகளில் நழுவும் சுத்தியலைத் தடுக்கும் இரண்டாவது கொக்கி உண்டு. இருந்தால் நல்லது, அதை நம்பிக் குழலை ஆள்மேல் திருப்பக் கூடாது. முள்செடியோ சட்டை மடிப்போ சேஃப்டி பொத்தானை முன்னே தள்ளிவிடவும் கூடும். நடக்கும்போது அவ்வப்போது கட்டைவிரலால் தடவி, அது பின்னால்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மன் தயாரிப்பான கிரீகாஃப் போன்றவற்றில் சுத்தியலை இழுக்காமலே தோட்டாவோடு நடக்கலாம். சுடும் முன் கட்டைவிரலால் பெரிய பொத்தானை முன்னே தள்ள வேண்டும். அதற்கு நல்ல பலம் வேண்டும். ஊரிலேயே காலி அறையோடு, கை கேட்கும்வரை பழகிவிடுங்கள்.

தோட்டாவோடு நடக்க இரண்டு பிடிகள் போதும். முதலாவது முழங்கைப் பிடி. இடது கையை மடக்கி அதன் மடிப்பில் துப்பாக்கியைக் கிடத்தி, வலது கையால் கட்டைக் கழுத்தைப் பிடியுங்கள். குழல் இடப்பக்கம் பார்க்கும். யாராவது இடப்பக்கம் வந்தால் உடனே மாற்ற வேண்டும். இரண்டாவது, விலங்கு அருகில் இருக்கும்போது வைக்கும் தயார்நிலைப் பிடி. இரண்டு கையும் துப்பாக்கியில், அடிக்கட்டை வலது இடுப்பருகே, குழல் இடப்பக்கம் சாய்ந்து மேல்நோக்கி. ஆள்காட்டி விரல் விசைக்காப்பு வளையத்துக்கு வெளியே நீண்டு கிடக்கட்டும். கிளைகள் தலைக்கு மேல் பின்னிக் கிடக்கும் 'ஜெஸ்' புதரில் இதே பிடியில் குழலை இடப்பக்கத் தரை நோக்கி இறக்குங்கள்.

தோள்வாரை வெட்டவெளியில் மட்டும், அதுவும் காலி அறையோடு பயன்படுத்துங்கள். 24 முதல் 26 அங்குலக் குழல் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு எல்லாக் கிளையிலும் மாட்டும். தலைகீழாகத் தொங்கவிட்டால், தடுக்கி உட்காரும்போது முனையில் மண் அடைத்துக்கொள்ளும். அடைத்த குழலில் சுட்டால் குழல் வீங்கும், அல்லது வெடிக்கும். தடுக்கி விழுந்தால் முதல் வேலை: துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்து, இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது. புதருக்குள் நுழையும் முன் வாரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.

எப்போது தோட்டா போடுவது என்பதைப் பி.எச். சொல்வார். பழைய தடமாக இருக்கும்வரை காலியாக நடப்பதே நல்லது. சாணம் சூடாக இருந்தால் நேரம் வந்துவிட்டது. குழல் தரையைப் பார்க்கத் திறந்து, தோட்டாக்களைப் போடுங்கள். காட்டெருமைக்குப் பலர் வலது குழலில் உடம்பில் பட்டதும் விரியும் மென்முனைத் தோட்டாவும், இடது குழலில் விரியாமல் ஆழமாகத் துளைக்கும் திடத் தோட்டாவும் போடுவார்கள். யானைக்கு இரண்டிலும் திடம். மூடும்போது குழலை மேலே தூக்காதீர்கள். குழல் தரையைப் பார்த்தபடியே இருக்க, கட்டையை உயர்த்தி மூடுங்கள். பிறகு சேஃப்டியைத் தொட்டுப் பாருங்கள். தானாகவே பூட்டிக்கொள்ளும் சேஃப்டியை ஆபத்தான விலங்கு வேட்டைக்கு நாங்கள் விரும்புவதில்லை: அவசரத்தில் மறு தோட்டா போட்டவர் அதைத் தள்ள மறந்து, விசையை வீணாக இழுத்துக்கொண்டிருப்பார். இடுப்புப் பட்டையில் மென்முனையும் திடமும் தனித்தனிப் பக்கங்களில் இருக்க வேண்டும்.

வறண்ட ஆற்றின் கரையிலோ விழுந்த மரத்தின் மேலோ ஏறும்போது தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியைத் திறந்தபடியே அடுத்தவரிடம் கொடுங்கள். தோட்டாவை உள்ளே விட்டு வெறுமனே திறந்து வைத்தால் போதாது. குழல் சற்று மேலே தூக்கினாலே அது நழுவிப் புல்லில் விழும். சுமக்கும் பொறுப்பை உதவியாளருக்குத் தரும்போதும் இதே முறைதான்.

அக்டோபர் வெயிலில் குழல் வெறுங்கையைச் சுடும். குழலில் கை பிடிக்கும் இடத்துக்குத் தோல் உறை மாட்டினால் வேர்வையிலிருந்து குழலின் நீலப்பூச்சும் தப்பும். வண்டிக்கு வந்ததும் ஏறுவதற்கு முன் திறந்து, இரண்டு தோட்டாக்களையும் கையில் எடுத்துப் பி.எச்.சிடம் காட்டிவிட்டு, காலி அறைகளை அவரும் பார்த்த பிறகே தாங்கியில் வையுங்கள். இரவு முகாமில் எண்ணெய்த் துணியால் குழலையும் பூட்டையும் துடைத்துவிடுங்கள். தோல் பட்டையில் கிடக்கும் பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அதையும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் அறைக்குள் இறுகி நிற்கும்.