உருவிவிட்டால் சுளுக்கு போகாது: காயம்பட்டவர்கள் செய்யும் தவறுகள்

சோளிங்கர் மலையில் 1305 படி ஏறி இறங்கிய மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது காயமல்ல. இரண்டு மூன்று நாளில் தானாக விட்டுவிடும். இறங்கும்போது கால் பிசகிக் கணுக்கால் வீங்கினால் கதை வேறு. சுளுக்கு எடுக்கிறேன் என்று எண்ணெய் போட்டு உருவிவிட யாராவது முன்வருவார்கள். தயவுசெய்து காலைக் கொடுக்காதீர்கள். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் அங்கே கிழிந்திருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் வீக்கத்தைத்தான் கூட்டும். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள். படுக்கும்போது காலைத் தலையணைமேல் உயர்த்துங்கள். நான்கு எட்டுகூட ஊன்ற முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

எலும்பு முறிந்தால் வேலூர்க்காரர்களில் பலருக்கு இன்றும் புத்தூர் கட்டுதான் நினைவுக்கு வரும். அங்கே கட்டினாலும் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டாலும் விரல்களைக் கவனியுங்கள். விரல் மரத்து, நிறம் மாறி, லேசாக நீட்டினாலே வலி உயிர்போனால் கட்டு இறுகிவிட்டது என்று பொருள். ரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே தசை செத்துவிடும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மணிக்கட்டு முறிந்தவர்கள் செய்யும் இன்னொரு தவறு, கையைத் தூளியில் போட்டு அப்படியே வைத்திருப்பது. ஆறு வாரம் கழித்து எலும்பு கூடியிருக்கும். விரலும் தோளும் இறுகிப்போயிருக்கும். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை அன்றாடம் பலமுறை மடக்கி நீட்ட வேண்டும். முழங்கையையும் தோளையும் எந்த அளவு அசைக்கலாம் என்று மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

குடியாத்தம் பக்கம் முறத்தை மடியில் வைத்துக் குனிந்தபடி பீடி சுற்றும் பெண்களுக்கும், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் முதுகுவலி தீராத தொல்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு அதே இருப்பில் வேலையைத் தொடர்வது ஒரு தவறு. பயந்து வாரக்கணக்கில் படுத்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. படுக்கை ஒன்றிரண்டு நாள் போதும். பிறகு வீட்டுக்குள்ளேயாவது நடக்க வேண்டும். முறத்தைச் சின்ன பலகைமேல் உயர்த்தி, முதுகைச் சுவரில் சாய்த்து, அரைமணிக்கு ஒருமுறை எழுந்தாலே பலருக்கு வலி குறையும். ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, வலி குறைந்ததும் பயிற்சியை நிறுத்துவது. வலி முதலில் போகும். வலு பிறகுதான் வரும். இடையில் விட்ட கணுக்கால்தான் மறுபடி மறுபடி பிசகுகிறது. பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலித்து, அன்றைக்குள் அடங்கினால் தொடரலாம். மறுநாள் வீங்கினால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒன்று. தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவதற்கு முக்கியக் காரணம் வலி உணர்வை இழப்பதே என்று வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் விளக்கினார். சர்க்கரையால் மரத்த பாதத்துக்கும் அதே ஆபத்து உண்டு. கொதிநீர் பட்டுக் கொப்பளித்தாலும் தெரியாது. குதிகால் வலிக்கு வெந்நீரில் கால் வைக்கும் பழக்கத்தை அவர்கள் விட்டுவிடுவதே நல்லது.