ஐடி கம்பெனில கோடிங் இல்லாத வேலையா? மனசு நிறைய பாக்குறது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பிகாம், பிஏ முடிச்சுட்டு சென்னைலயோ கோயம்புத்தூர்லயோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில சப்போர்ட், பேரோல் (சம்பளக் கணக்கு)னு சேந்த புள்ளைங்க நெறய பேரு இருக்கீங்க. பொங்கலுக்கு ஊருக்கு வந்தா "என்ன புரோகிராம்ப்பா எழுதுற"ன்னு சொந்தக்காரங்க கேக்கும்போது ஒரு தயக்கம் வரும். அது தேவையே இல்ல, ஆனா தானா போகாது, வேலை பாக்குற விதத்துலதான் போகும்.

மொதல்ல கம்பெனி விக்கிற சாஃப்ட்வேர நீங்களே உக்காந்து யூஸ் பண்ணுங்க. பில்லிங் சாஃப்ட்வேர்னா டெமோ அக்கவுன்ட் கேட்டு வாங்கி நாலு பில்லு போடுங்க, ஒண்ண கேன்சல் பண்ணுங்க, மாச ரிப்போர்ட் எடுங்க. கடைக்காரரு எந்த எடத்துல முழிக்கிறாருன்னு அப்பதான் தெரியும்.

அடுத்து, வந்த புகார அப்படியே டெவலப்பர் பக்கம் தள்ளிவிடாதீங்க. கண்டாங்கி சேலைக்கடை அண்ணன் ஒருத்தர் "பில்லு ரெண்டு ரெண்டா விழுதுப்பா"ங்கிறாருன்னு வைங்க. "பில் பிரச்சன"ன்னு ஒத்த வரில டிக்கெட் (கம்பெனி சிஸ்டத்துல பதியிற புகார்) போட்டா அது பாட்டுக்கு கெடக்கும். அவர்ட்ட இன்னும் ரெண்டு கேள்வி கேட்டு, "நெட்டு ஸ்லோவா இருந்தா சேவ் பட்டன் சுத்திக்கிட்டே இருக்கு, அவரு திரும்ப அமுக்குறாரு, ரெண்டு இன்வாய்ஸ் நம்பர் விழுது, அடுத்த மாசம் 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1ங்கிற விப்பனை ரிட்டர்ன் போடணும், விக்காத சேலையும் விப்பனைக் கணக்குல ஏறிரும்"னு எழுதிப் பாருங்க, படிக்கிற டெவலப்பருக்கு எங்க கை வைக்கணும்னு உடனே புரிஞ்சிரும். சரியானதும் டிக்கெட்ட மூடிட்டு போயிராம நீங்களே அண்ணனுக்கு போன் போட்டு சொல்லுங்க. இந்த வேலையோட ருசியே அந்த போன்லதாங்க இருக்கு, இத சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

பேரோல்னாலும் இதேதான். பிஎஃப்ப 15ஆம் தேதிக்குள்ள கட்டுறதோட நிறுத்தாம, புதுசா சேந்த பொண்ணுக்கு அந்த 12 சதவீதம் எதுக்குப் பிடிக்கிறாங்க, அது எங்க சேருதுன்னு சம்பள சிலிப்ப வச்சு பத்து நிமிஷம் சொல்லிக் குடுங்க.

அப்பறம் ஒரு கணக்கு வைங்க. அந்தக் காலத்துல நம்ம ஊருலருந்து பர்மா, மலேயாவுக்கு கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ணப் போனவங்க பெட்டியடிப் பையனா (கடையில எடுபிடி) சேந்து, அடுத்தாளா (ரெண்டாவது ஆள்) ஆகி, மேலாளா (கடையப் பாத்துக்கிற ஆள்) வளந்தாங்கன்னா பேரேடும் (கணக்கு நோட்டு) ஐந்தொகையும் (வரவு செலவு, சொத்து கடன் கூட்டிப் பாக்குற கணக்கு) கைக்குள்ள இருந்ததாலதான். நீங்களும் ஒரு ஷீட்டுல என்ன புகார், என்ன காரணம், எப்படி தீந்துச்சுன்னு தெனமும் எழுதுங்க. ஒரே புகார் சுத்திச்சுத்தி வர்றது கண்ணுல படும், அத ப்ராடக்ட் மீட்டிங்ல கொண்டுபோய் வைங்க, அப்ரைசலுக்கும் அதுதான் ஆதாரம்.

மீட்டிங்குக்கே கூப்பிடலன்னா மேனேஜர்ட்ட நேரா கேளுங்க, கேட்டும் நடக்கலன்னா தயங்காம வேற எடம் பாருங்க. இன்டர்வியூல கஸ்டமர் பேரு விவரமெல்லாம் வெளிய விடாம, நீங்க தீத்து வச்ச பிரச்சன ரெண்டு மூண மொதல்லருந்து கடைசி வரைக்கும் எடுத்துச் சொல்லுங்க.