மின்சுற்றுப் பலகையை நிலைமின்சாரத்திலிருந்தும் மின்னழுத்த எழுச்சியிலிருந்தும் காத்தல்

உடலில் தேங்கிய நிலைமின்னழுத்தம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் விரல் நுனியில் சுரீரென்று உணர்கிறோம். ஆனால் மின்சுற்றுப் பலகையில் (போர்டில்) உள்ள சில ஐசிகள் (மின்சுற்றுச் சில்லுகள்) 100 வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்திலேயே பழுதாகிவிடும். ஆகவே, கையில் ஒன்றும் உறைக்கவில்லை என்பதற்காகப் பாதிப்பு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அரைகுறையாகச் சிதைந்த ஐசி சோதனையில் தேறிவிட்டுச் சில வாரங்கள் கழித்துச் செயலிழப்பதே பழுதுபார்ப்பவரை மிகவும் அலைக்கழிக்கும்.

போர்டைத் தொடுமுன் மின் இணைப்பைத் துண்டித்து, எர்த் செய்யப்பட்ட மணிக்கட்டுப் பட்டையைத் தோலோடு ஒட்டி அணியுங்கள். அதன் வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். தவறுதலாக மின்சாரம் பட்டாலும் உடல் வழியே பாயும் மின்னோட்டத்தை அதுவே மட்டுப்படுத்துகிறது என்பதால், அதை நீக்கிவிட்டு வெறும் கம்பியைக் கட்டிக்கொள்வது உயிருக்கே ஆபத்து. மேசையில் தெர்மாகோலும் சாதாரண பாலித்தீன் பையும் வேண்டாம். மின்னணுப் பாகங்களுக்கான இளஞ்சிவப்பு ஆன்டிஸ்டேட்டிக் பை தானாக மின்னேற்றத்தை உண்டாக்காதே தவிர, வெளியிலிருந்து வரும் மின்பாய்ச்சலைத் தடுக்காது. போர்டை எடுத்துச்செல்ல வெள்ளி நிறக் கவசப் பையே உகந்தது.

230 வோல்ட் இணைப்பில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 275 வோல்ட் தர எம்ஓவி (மின்னழுத்த எழுச்சியை உள்வாங்கும் வட்டவில்லை வடிவ உறுப்பு) ஒன்றைப் பொருத்துங்கள். பியூஸ் அதற்கு முன்னால் அமைய வேண்டும். பெரிய எழுச்சிகளைத் தாங்கத் தாங்க எம்ஓவி நலிவடையும்; அந்த வட்டவில்லை கருகியோ வெடித்தோ தெரிந்தால் பியூஸை மட்டும் மாற்றி முடித்துவிடாதீர்கள். யூஎஸ்பி போன்ற இணைப்புகளில் திடீர் எழுச்சியைக் கிரவுண்டுக்குத் திருப்பிவிடும் டிவிஎஸ் டயோடை ஐசிக்கு அருகில் அல்லாமல் சாக்கெட்டை ஒட்டியே வைத்து, அதிலிருந்து கிரவுண்டுக்குச் செல்லும் தடத்தைக் குட்டையாகவும் அகலமாகவும் வரையுங்கள்.