லெமூரின் மணக்குறியைப் படிக்கும்போது நேரும் பிழைகள்

லெமூர், குரங்கு முதலியவை அடங்கிய முதனி இனத்து விலங்கு ஒன்று இரண்டு மணங்களை வேறுபடுத்தி உணர்ந்தாலே, அவற்றுக்குரிய விலங்குகளை அடையாளம் கண்டுவிட்டது என்று முடிவு கட்டுவது, மணக்குறிகளை, அதாவது விலங்குகள் மரம் முதலியவற்றில் பதித்துச்செல்லும் உடல் மணங்களை, ஆராயும் துறையில் பரவலான தவறு. ஒரே லெமூரின் மணத்தை மீண்டும் மீண்டும் முகரக் கொடுத்து, ஆர்வம் தணிந்தபின் வேறொன்றின் மணத்தை வைக்கும்போது விலங்கு மறுபடி ஆவலுடன் முகர்ந்தால், அது வேறுபாட்டை உணர்ந்தது என்பது மட்டுமே உறுதியாகும். 'இது இன்னாருடையது' என்று அது அறிந்ததா என்பதற்கு வேறு சான்று வேண்டும். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட வளையவால் லெமூர்களிடம் 2014இல் வெளியான ஓர் ஆய்வு அச்சான்றைத் தேடியது: பழக்கமான ஒரு பெண் லெமூரின் குரலை ஒலிக்கவிட்டபோது, அருகில் வைத்த மணமும் அதே பெண்ணுடையதாக இருந்தால் லெமூர்கள் கூடுதல் ஆர்வம் காட்டின. குரலையும் மணத்தையும் ஒரே ஆளுக்குரியவையாக இணைக்க முடிவதைத்தான் அறிதல் எனலாம்.

'லெமூரின் மணம்' என்று ஒருமையில் பேசுவதும் பிழையே. ஆணுக்கு மணிக்கட்டின் உட்புறத்தில் முள்ளோடு கூடிய சுரப்பி ஒன்றும், தோளருகே மார்பில் இன்னொன்றும், பிறப்புறுப்புப் பகுதியில் வேறொன்றும் உண்டு. மணிக்கட்டுச் சுரப்பு விரைவில் ஆவியாகக்கூடியது. தோளருகே சுரப்பதோ ஸ்குவாலீன் என்னும், எளிதில் ஆவியாகாத எண்ணெய்ப்பொருள் மிகுந்த பசை. மணிக்கட்டைத் தோள்சுரப்பியில் தேய்த்துவிட்டு மரத்தில் உரசும்போது இரண்டும் கலப்பதால் மணம் நெடுநேரம் தங்குகிறது. எந்தச் சுரப்பியின் மாதிரி, எந்தப் பருவத்தில் எடுத்தது என்று குறிக்காத பதிவை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த இயலாது.

மணத்தைக் கைரேகைபோல் மாறாததாகக் கருதுவோரும் உளர். கருத்தடை ஹார்மோன் பெற்ற பெண்களின் மணம் மாறிவிடுவதையும், ஆண்களுக்கு அதில் நாட்டம் குறைவதையும் அமெரிக்காவின் டியூக் லெமூர் மைய ஆய்வு காட்டியது. உயிரியல் பூங்காக்களில் ஜோடி சேர்ப்போர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கூண்டின் கிளைகளையெல்லாம் ஒரே நாளில் கழுவிவிடுவதும் சரியன்று; விலங்குகள் பதித்த மணக்குறிகள் அதனால் ஒருசேர அழிந்துவிடும்.

எல்லா மணக்குறியையும் தன் இடத்தை வரையறுக்கும் எல்லைக்கோடாகவே கொள்வது பழைய வழக்கம். திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் காணப்படும் தேவாங்கு கைகால்களில் சிறுநீரைப் பூசிக்கொள்வதுண்டு; அது மணம் பரப்பவா, பிடிப்புக்காகவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளில் மணத்தை உணரும் மூக்கின் துணை உறுப்பு தேய்ந்துபோனதை வைத்து, அவற்றுக்கு மணக்குறியே இல்லை என்று எழுதுவதும் ஏற்கத்தக்கதன்று; மாண்ட்ரில் குரங்கு தன் மார்புச் சுரப்பியை மரங்களில் தேய்க்கிறது.