பழைய வீடு வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வேயரையும் இன்ஜினீயரையும் கூப்பிடுங்கள்

பழைய வீடு வாங்குகிறவர்கள் வக்கீலிடம் பத்திரங்களைக் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்க மறப்பதில்லை. நல்ல பழக்கம்தான். ஆனால் வக்கீல் பார்ப்பது காகிதத்தை. காகிதத்தில் உள்ள இடம் தரையில் அதே அளவில் இருக்கிறதா, அதன் மேல் நிற்கும் கட்டடம் இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதையெல்லாம் அவரால் சொல்ல முடியாது. அதற்கு நிலத்தை அளக்க ஒரு சர்வேயரும், கட்டடத்தைப் பார்க்க ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரும் வேண்டும். இருவரும் நீங்கள் பணம் கொடுத்துக் கூட்டி வரும் ஆட்களாக இருக்க வேண்டும். தரகரோ விற்பவரோ ஏற்பாடு செய்து தருபவர்கள் வேண்டாம்.

"லோன் போட்டால் பேங்க்கே ஆள் அனுப்பிப் பார்க்குமே" என்று சிலர் கேட்பார்கள். பேங்க் அனுப்பும் வேல்யூவர் தங்கள் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்றுதான் பார்ப்பார். மாடிப்படிக்கு அடியில் ஓதம், அதாவது சுவர் ஈரம், ஏறியிருப்பதை உங்களிடம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

இங்கே நான் சொல்வது தமிழ்நாட்டில் தனி வீடு வாங்குவோருக்கு. அடுக்குமாடிக் குடியிருப்பில் நிலத்தின் பிரிக்கப்படாத பங்கு என்று வேறு கணக்கு வரும். அதை இதில் கலக்கவில்லை.

படி 1: அளக்கும் முன் காகிதங்களைச் சேருங்கள்

வெறும் பத்திர நகலை மட்டும் கொடுத்தால் சர்வேயரால் உருப்படியாக எதுவும் செய்ய முடியாது. விற்பவரிடம் நடப்புப் பத்திரத்தோடு மூலப்பத்திரத்தின் (அதற்கு முந்தைய பத்திரம்) நகலையும் கேளுங்கள். பட்டா, 'அ' பதிவேடு (சர்வே எண் வாரியாக நிலத்தின் விவரம் உள்ள பதிவேடு), புலப்படம் ஆகியவற்றை வருவாய்த்துறையின் இணைய சேவையில் நீங்களே எடுத்துப் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் தெரிந்தால் போதும். புலப்படத்தை எல்லோரும் எஃப்எம்பி என்றுதான் சொல்வார்கள். ஒரு சர்வே எண்ணின் வடிவம், பக்க அளவுகள், உட்பிரிவுகள் எல்லாம் அதில் கோடாக வரைந்திருக்கும்.

நகர்ப்புறமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேடு தனியாக இருக்கும். அதில் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று வரும். பத்திரத்தில் பழைய கிராம சர்வே எண்ணும் பதிவேட்டில் நகர சர்வே எண்ணும் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகள் பெரும்பாலும் நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில், இருக்கும். நத்தத்துக்குத் தனிப் பட்டாவும் தனி வரைபடமும் உண்டு. தோராயப் பட்டா (தற்காலிகமானது), தூய பட்டா (இறுதியானது) என்று இரண்டு சொல்வார்கள். கையில் இருப்பது எது என்று விஏஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்டட அனுமதி வரைபடத்தையும் கேளுங்கள். பின்னால் இன்ஜினீயர் வரும்போது அது வேண்டும்.

படி 2: வீட்டிலேயே உட்கார்ந்து மூன்று கணக்கையும் ஒப்பிடுங்கள்

பத்திரத்தில் அளவு சதுர அடியில் இருக்கும், பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும், தரகர் சென்ட்டில் பேசுவார். மூன்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவராமல் யாருக்கும் தலையாட்டாதீர்கள். 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 கிரவுண்டு 2400 சதுர அடி. 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1076 சதுர அடி.

ஒரு உதாரணம் பார்ப்போம். பத்திரத்தில் 40க்கு 60, மொத்தம் 2400 சதுர அடி என்று இருக்கிறது. பட்டாவில் 0-02.15 என்று இருக்கிறது. இது 2.15 ஏர், அதாவது 215 சதுர மீட்டர். சதுர அடியில் சுமார் 2314. ஆக, பட்டாவில் 86 சதுர அடி குறைகிறது. தெருவுக்கு விட்டுக் கொடுத்திருக்கலாம், பக்கத்து உட்பிரிவில் சேர்ந்துபோயிருக்கலாம், அந்தக் காலத்தில் அளந்தவரே தப்பாகப் பதிந்திருக்கலாம். எதுவென்று களத்தில் அளந்தால்தான் தெரியும். உங்கள் ஏரியாவின் விலையில் 86 சதுர அடியைப் பெருக்கிப் பாருங்கள். சர்வேயருக்குக் கொடுக்கும் கூலி பெரிதாகத் தெரியாது.

பழைய பத்திரங்களில் குழி, மா, முழம் என்றெல்லாம் வரும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குழி 144 சதுர அடி. மற்ற வட்டாரங்களில் அதே சொல்லுக்கு வேறு கணக்கு. அதனால் அந்த ஊர்ப் பத்திர எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளாமல் இணையத்தில் கிடைக்கும் அட்டவணையை வைத்து மாற்றாதீர்கள்.

அப்புறம், சக்குபந்தி. நான்கு பக்கமும் யார் இடம், எந்தத் தெரு என்று எழுதியிருக்கும் பகுதி. "இன்னார் வீட்டுக்கு மேற்கு, தெற்கு வடக்கு ரோட்டுக்குக் கிழக்கு" என்பது போல இருக்கும். நாற்பது வருஷத்துக்கு முந்தைய பத்திரம் என்றால் அந்த இன்னார் இன்று இருக்க மாட்டார். இப்போது யார் இருக்கிறார்கள் என்று நான்கு பக்கத்துக்கும் எழுதி வையுங்கள். சர்வேயருக்கு இது பெரிய உதவி. நீங்கள் குடிவரும்போது யாருடன் பழகப் போகிறீர்கள் என்பதும் தெரிந்துவிடும்.

படி 3: சர்வேயரை இடத்துக்கு வரவழையுங்கள்

இதற்கு இரண்டு வழி உண்டு. முதலாவது, உரிமம் பெற்ற தனியார் சர்வேயர். தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு வருவார். சீக்கிரம் வேலை முடியும், வரைபடமும் தெளிவாக இருக்கும். வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இது போதும். இரண்டாவது, வட்ட அலுவலக நில அளவர். இதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பட்டாதாரர், அதாவது விற்பவர். அக்கம்பக்கத்தாருக்கு முறையாக நோட்டீஸ் போகும். நாள் பிடிக்கும். ஆனால் எல்லைத் தகராறு என்று வந்தால் அரசு நில அளவரின் அறிக்கைக்குத்தான் எடை அதிகம். என் யோசனை: முதலில் தனியாரை வைத்து அளந்துவிடுங்கள். வித்தியாசம் கண்டுபிடித்தாலோ, பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளித்தாலோ, அரசு அளவை முடிந்த பிறகுதான் அக்ரிமென்ட் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். சொத்தில் சிக்கல் இல்லாதவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

அளக்கும் நாளில் கூடவே நில்லுங்கள். நல்ல சர்வேயர் வந்ததும் காம்பவுண்டு சுவரில் டேப்பை வைக்க மாட்டார். சுவர் யாரோ கட்டியது, அது எல்லை ஆகாது. முதலில் புலப்படத்தை விரித்து, அசையாத புள்ளிகளைத் தேடுவார். மூன்று சர்வே எண்கள் சந்திக்கும் இடத்தில் நட்ட கல், தெருமுனை, பொதுக் கிணறு, குளக்கரை. கல் மண்ணுக்குள் புதைந்திருந்தால் கடப்பாரையால் தட்டித் தோண்டிப் பார்ப்பார். அங்கிருந்து அளந்து வந்து உங்கள் வீட்டின் நான்கு மூலைகளையும் பிடிப்பார். எடுத்த எடுப்பில் சுவருக்குச் சுவர் அளந்து, "சரியா இருக்கு சார்" என்று சொல்பவர் உங்களுக்குத் தேவையில்லை.

முன்பக்க அகலத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பழைய மனைகள் பின்னால் போகப் போகக் குறுகும். முன்னால் 40 அடி, பின்னால் 38½ அடி, நீளம் 60 என்றால் மொத்தம் 2355 சதுர அடிதான். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மனை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரியாது.

படி 4: பத்திரத்தில் இல்லாத உரிமைகளைக் கேளுங்கள்

பழைய வீட்டில் தலைவலி வருவது பெரும்பாலும் இங்கேதான். அளவெல்லாம் சரியாக இருக்கும், ஆனால் பக்கத்துச் சுவர் பொதுச்சுவராக இருக்கும். அப்படியானால் நீங்கள் இடித்துக் கட்டும்போது அந்தப் பக்கத்து உத்தரம் உங்கள் சுவரில் உட்கார்ந்திருப்பது தெரியவரும். ஓட்டு வீடாக இருந்தால் இறவாரம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) எங்கே முடிகிறது, மழைத்தண்ணீர் யார் மண்ணில் விழுகிறது என்று பாருங்கள். இறவாரம் வரைக்கும் தன் இடம் என்று ஒருவர் நினைத்திருப்பார், சுவரோடு முடிந்தது என்று மற்றவர் நினைத்திருப்பார். இருவரும் சொந்தக்காரர்களாக இருந்த காலத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கொல்லைக்குப் போகும் சந்து, கிணற்றில் பங்கு, சாக்கடைக் குழாய் போகும் பாதை, இவை எல்லாவற்றையும் சர்வேயரின் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பொதுச்சுவரைத் தனி நிறத்தில் காட்டச் சொன்னால் பத்திரம் எழுதும்போது வசதியாக இருக்கும்.

படி 5: இன்ஜினீயரோடு வீட்டைச் சுற்றி வாருங்கள்

முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த இரண்டு மூன்று நாளுக்குள் கூட்டிப் போங்கள். ஓதம் அப்போதுதான் தன்னைக் காட்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய வீடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பெயின்ட் காயாத சுவரில் விரிசலும் தெரியாது, உப்புப் பூத்ததும் தெரியாது.

முதல் கேள்வி, வீடு எந்தக் காலத்துக் கட்டுமானம் என்பது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் உண்டு. மர உத்தரங்களின் மேல் சின்னச் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையில் தளம் போட்டு, மேலே தட்டை ஓடு பதித்திருப்பார்கள். இதில் உத்தரத்தின் நடுப்பகுதி பளபளப்பாக இருக்கும். பிரச்சினை இருப்பது அதன் நுனியில், சுவருக்குள் நுழையும் இடத்தில். சுவர் ஈரம் குடித்தால் நுனிதான் முதலில் மக்கும், கரையானும் அந்த வழியாகத்தான் வரும். இன்ஜினீயர் ஒரு ஸ்க்ரூடிரைவரால் அந்த இடத்தைக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். மக்கிய மரத்தில் முனை புதைந்துவிடும். சுண்ணாம்புச் சுவரின் மேல் யாராவது சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சுவர் சுவாசிக்க வழியில்லாமல் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

கான்கிரீட் வீடு என்றால் எதிரி துரு. கம்பி துருப்பிடித்தால் பல மடங்கு பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பெயர்த்துத் தள்ளும். சன்ஷேடின் அடிப்பக்கம், பாத்ரூமுக்குக் கீழே உள்ள சீலிங், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, இந்த மூன்று இடத்தையும் முதலில் பாருங்கள். கடற்கரை ஓரத்து வீடுகளில் இது சீக்கிரமே வரும்.

சந்தேகம் இருந்தால் சோதனைகள் செய்யலாம். ரிபவுண்டு ஹேமர் கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தைக் காட்டும். அல்ட்ராசோனிக் சோதனையில் ஒலி அலை வேகமாகப் போனால் கான்கிரீட் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். மெதுவாகப் போனால் சந்தேகம்தான். எனக்குப் பிடித்தது இன்னும் எளிமையான ஒன்று. தூணில் ஒரு மூலையைச் சிறிதாக உடைத்து, அந்தப் புது முகத்தில் ஃபினால்ஃப்தலின் கரைசலைத் தெளிப்பார்கள். நல்ல கான்கிரீட் சட்டென்று ரோஜா நிறமாக மாறும். காற்றுப்பட்டுக் காரத்தன்மை இழந்த பகுதி நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். நிறம் மாறாத பட்டை கம்பி வரை போயிருந்தால், கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். பார்க்கிறவருக்கே புரிந்துவிடும், விளக்கம் தேவைப்படாது.

விரிசல்களில் எல்லாமே ஆபத்து இல்லை. பூச்சில் வலைவலையாக ஓடும் மெல்லிய கோடுகளை விட்டுவிடலாம். மேல்தளமும் சுவரும் சேரும் இடத்தில் கிடையாக ஓடுவது பெரும்பாலும் வெயில் சூட்டில் தளம் விரிவதால். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் சாய்வாக இறங்குவதைத்தான் கவனிக்க வேண்டும், அது அஸ்திவாரம் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் இது சகஜம். அந்த மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்துச் சில வாரம் கழித்துப் பார்த்தால், இன்னும் நகர்கிறதா என்று தெரியும். கண்ணாடி உடைந்திருந்தால் வீடு இன்னும் அசைகிறது.

அனுமதி வரைபடத்தை இங்கே எடுங்கள். வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருந்து, கண்ணெதிரே முதல் மாடி நின்றால் இரண்டு கேள்வி: அஸ்திவாரம் அந்தப் பாரத்துக்குப் போட்டதா, பேங்க் இதற்குக் கடன் தருமா?

வயரிங், பைப் லைன், செப்டிக் டேங்க் ஆகியவற்றைப் பார்த்து மாற்ற வேண்டுமா என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் போதும். வெள்ளம் மட்டும் தனி. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அந்தத் தெருக்காரர்களைக் கேளுங்கள். விற்பவர் மறந்திருப்பார், எதிர் வீட்டுப் பாட்டி மறந்திருக்க மாட்டார்.

படி 6: அறிக்கையை வைத்து என்ன செய்வது?

இரண்டு அறிக்கையும் கையெழுத்தோடு எழுத்தில் வேண்டும். வாய்ச்சொல் எதற்கும் ஆகாது. இன்ஜினீயரிடம் உடனே செய்ய வேண்டியது, தள்ளிப்போடக்கூடியது என்று பிரித்து, உத்தேசச் செலவும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தத் தொகையை வைத்து விலை பேசலாம். "வீடு பழசு, குறைச்சுக்கோங்க" என்பதைவிட, "தளத்தைச் சரிசெய்ய இவ்வளவு ஆகும்" என்று காகிதத்தை நீட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

அளவு குறைந்தால் அக்ரிமென்டிலேயே எழுதிவிடுங்கள்: விலை அளந்து கிடைத்த சதுர அடிக்குத்தான், பட்டாவைத் திருத்திக் கொடுப்பது விற்பவர் பொறுப்பு. எல்லையில் வழக்கு நடந்தாலோ, பக்கத்து வீட்டுக்காரர் அளக்கவே விடாவிட்டாலோ, அந்த வீட்டை விட்டுவிடுங்கள். எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

கிரயப் பத்திரம் எழுதும் நாளில் பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தை அப்படியே இறக்கி வைக்க விடாதீர்கள். இன்று அளந்த நான்கு பக்க அளவு, இன்றைய சக்குபந்தி, பொதுச்சுவர், சந்து எல்லாம் புதிதாக எழுதப்பட வேண்டும். சர்வேயரின் வரைபடத்தையும் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தோடு இணைத்துப் பதிவு செய்யுங்கள்.