கிளிப்பர் கப்பலின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

கிளிப்பர் என்றால் 19-ஆம் நூற்றாண்டின் வேகமான பாய்மரக் கப்பல். அதைப் பெயரை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். ஒரே காலத்தில் ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடின. கைமாறும்போது பெயரும் மாறியது. பிரிட்டனில் பதிவான கப்பல் என்றால் முதலில் பதிவு எண்ணைப் பிடியுங்கள். 1855-லிருந்து கொடுக்கப்பட்ட இந்த எண்ணை முதன்மை உத்திரத்திலேயே செதுக்கிவிடுவார்கள். உரிமையாளர் மாறினாலும் எண் மாறாது. உதாரணமாக, 'கட்டி சார்க்' என்ற புகழ்பெற்ற கிளிப்பரின் எண் 63557.

எண் கிடைத்ததும் கப்பல்களின் விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட்ட லாயிட்ஸ் பதிவேட்டை வருடவாரியாகப் புரட்டுங்கள். தேதி, பெயர், உரிமையாளர், கேப்டன், பாய் அமைப்பு, தகவல் கிடைத்த இடம் என்று கட்டம் போட்டு எழுதி வாருங்கள். எங்கே இடைவெளி என்று அதுவே காட்டிவிடும். அங்கே வரும் டன் எடையல்ல, கொள்ளளவு: ஒரு டன் 100 கன அடி. 'கட்டி சார்க்' மொத்தம் (உள்ளிடம் முழுவதும்) 963 டன், நிகரம் (சரக்குக்குப் பயன்படும் இடம்) 921. இரண்டில் எது என்று குறிக்காமல் எழுதினால் பிறகு வேறு கப்பலோ என்று குழம்புவீர்கள்.

கட்டியவரின் ஆவணங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கட்டி சார்க்'கைக் கட்டத் தொடங்கிய ஸ்காட் அண்ட் லிண்டன் நிறுவனம் பாதியில் நொடித்துப்போக, டென்னி நிறுவனம் முடித்துக்கொடுத்தது. ஒரு பெயரோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

மாலுமிகள் பட்டியல் சிதறிக் கிடக்கிறது. 1863 முதல் 1913 வரையிலானவற்றில் 10 சதவீதம் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில். 5-ல் முடியும் ஆண்டுகளின் மீதி கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில். மற்றவற்றில் பெரும்பங்கு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில்.

வெளிநாட்டுக்கு விற்றதும் பிரிட்டிஷ் பதிவு மூடப்படும். மூழ்கிவிட்டது என்று பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். 1895-ல் போர்ச்சுகலுக்குப் போன 'கட்டி சார்க்' அங்கே 'ஃபெரெய்ரா'வாக ஓடியது. 1916-ல் பாய்மரங்களை இழந்து பார்கென்டைனாக (முன் பாய்மரத்தில் மட்டும் குறுக்குப் பாய்கள் கொண்ட கப்பலாக) மாறியது. வாங்கிய நாட்டின் பதிவைத் தேடாமல் இதெல்லாம் கிடைக்காது.

பயண நாட்களில்தான் சண்டை அதிகம். சீனாவிலிருந்து லண்டனுக்குத் தேயிலை கொண்டுவந்த கப்பல்களின் 1866 பந்தயத்தில் இங்கிலாந்துக் கரையை எட்டியபோது 'ஏரியல்' சில நிமிடம் முன்னால். துறைக்குள் நுழைந்ததில் 'தாய்பிங்' 28 நிமிடம் முன்னால். நங்கூரம் எடுத்ததிலிருந்தா, துறைமுகத்தில் வழிகாட்டும் பைலட் இறங்கியதிலிருந்தா, எந்த இடம்வரை என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.