பணியிடப் பாலியல் தொல்லை: புகாரை எழுதிக் கொடுப்பது எப்படி?

முதலில் நாளைக் கணக்கிடுங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். தொல்லை தொடர்ந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து எண்ணலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு மேலும் 3 மாதம் வரை அனுமதிக்கலாம். அந்தக் காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். ஹெச்ஆரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, "பேசிப் பார்க்கிறோம்" என்ற பதிலை நம்பிக் காத்திருந்தால் கெடு கைநழுவிவிடும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். விசாகா கமிட்டி என்று பலரும் சொல்வது இதைத்தான். பத்துப் பேருக்குக் குறைவு என்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் போக வேண்டும். காண்ட்ராக்ட், தினக்கூலி, பயிற்சியில் இருப்பவர் எல்லோரும் புகார் கொடுக்கலாம். கம்பெனி வேனில் நடந்ததும் பணியிடத்தில் நடந்ததாகவே கொள்ளப்படும்.

எழுதும்போது, "மேனேஜர் தவறாக நடந்துகொள்கிறார்" என்பது போதாது. "மார்ச் 4, மாலை 6.40 மணி, பேக்கிங் பிரிவு. மேனேஜர் என் தோளில் கை வைத்தார். எடுக்கச் சொன்னேன், எடுக்கவில்லை. பக்கத்து மேஜையில் இருந்தவர் பார்த்தார்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனிப் பத்தி, தேதி வரிசையில். அவர் பேசிய சொற்கள் கூசவைத்தாலும் அப்படியே எழுதுங்கள். நாகரிகமாக மாற்றினால் குற்றத்தின் கனம் குறைந்துபோகும். நினைவில்லாத தேதியை ஊகித்து எழுதாதீர்கள். வருகைப்பதிவில் அன்று விடுப்பு என்று இருந்தால் மொத்தப் புகாரையும் சந்தேகிப்பார்கள். "மார்ச் முதல் வாரம்" என்றாலே போதும்.

வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும், போனில் உள்ள மூலச் செய்தியை அழிக்க வேண்டாம்.

புகார், ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி எல்லாம் சேர்த்து 6 பிரதிகள் கொடுக்க வேண்டும். உங்களுக்கென ஒரு பிரதி வைத்து, அதில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை.

விசாரணை முடியும்வரை இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ எழுதிக் கேட்கலாம். நீங்கள் யார் மீது புகார் கொடுத்தீர்களோ அவர் உங்கள் வேலையை மதிப்பிடக் கூடாது என்றும் கேளுங்கள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அங்கே வக்கீல் வைக்க இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. தக்க காரணமின்றித் தொடர்ந்து 3 அமர்வுகளுக்குப் போகாவிட்டால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்து குழு விசாரணையை முடித்துவிடலாம். சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே. அதுவும் பணம் அடிப்படையில் கூடாது.

நிரூபிக்க முடியாமல் போனால் நம்மைத் தண்டித்து விடுவார்களோ என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் உங்கள் மீது நடவடிக்கை எடுக்க முடியாது. தீய நோக்கத்தோடு பொய் சொன்னது விசாரணையில் நிரூபணமாக வேண்டும். குழுவின் பரிந்துரையில் உடன்பாடில்லையா, 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். போலீஸில் தனியாகப் புகார் கொடுக்கவும் குழுவின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.